எலிசபெத்தம்மாளின் வயிறு

சிட்னிக்கு வந்த புதிதில் நாங்கள் ஹோம்புஷ்ஷில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். ஞாயிறு பூசைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோவில் இருந்தது. செங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு கார் தரிப்பிடம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பள்ளிக்கூட மண்டபம் என்றுதான் நினைப்பார்கள். உள்ளே நானூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் ஒன்று தொங்குகிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எங்களுக்கும் அது தெரியாது. கன காலமாக அதன் கீழேயே இருந்து பூசை கண்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

அதன் கீழே இருந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. கோவிலில் இருந்த ஒரே ஹீற்றர் அந்த இடது பக்கச் சுவரில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு சிட்னியின் ஜூலை மாதம் போதும் போதும் என்றாகிவிடும். கைக்குழந்தையாக இருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். தலைக்கு மேலே அந்தப் படம்.

கதவளவு உயரமான மரப்பலகையில் தீட்டிய படம் அது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் தோளில் பிடித்தபடி நிற்பார்கள். கொதிக்கவைத்த தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்ததுபோல முழுதும் மண்ணிறம். அந்த மங்கலுக்குள்ளும் உருவங்கள் விசித்திரமாகத் தெரிந்தன. இளையவளின் கழுத்து கொக்கின் கழுத்து. விரல்கள் முருங்கைக்காய்போல நீண்டு கிடந்தன. இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, முகம் மற்றப் பக்கம் திரும்பியிருந்தது. மூத்தவள் கழுத்திலிருந்து கால்வரை ஒரு தடித்த பச்சைப் போர்வையால் மூடியிருந்தாள். பச்சை என்று நான் சொல்வது பிறகு தெரிந்ததை வைத்து. அப்போது அதுவும் மண்ணிறம்தான்.

முதல் நாள் என் கணவர் அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதுக்குள் கேட்டார். "இதென்னப்பா, ரெண்டு பேரும் சண்டை பிடிக்கினமோ?"

"சும்மா இருங்கோ. அது மாதா."

"மாதாவோ? கீறினவருக்குக் கழுத்துக் கீறத் தெரியாதுபோல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மாதா எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப்போன காட்சி அது என்று பங்குச் சுவாமியார் பிறகு ஒருநாள் சொன்னார். செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவதாக நாங்கள் சொல்லுவது. பிள்ளையே இல்லாமல் வயதாகிப்போன எலிசபெத்தம்மாள் கர்ப்பமாகிறாள். அதைக் கேள்விப்பட்டு, தானும் வயிற்றில் பிள்ளையோடு மாதா மலைநாட்டுக்கு நடந்து போகிறாள். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி அதன் அர்த்தத்தை நான் யோசித்ததே இல்லை.

படம் அங்கே வந்த கதையும் சுவாமியாருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவர் ஐரிஷ்காரர், கிரிக்கெட் பைத்தியம், கோவிலின் சரித்திரத்தைவிட ஸ்கோரில்தான் அக்கறை. இத்தாலியிலிருந்து வந்து இங்கே தரைக்குச் சலவைக்கல் பதிக்கும் தொழில் செய்த குடும்பம் ஒன்று, ஊருக்குத் திரும்பிப் போகும்போது கோவிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். அவர்கள் ஊரில் ஏதோ ஒரு சிற்றாலயம் இடிபட்டபோது காப்பாற்றி எடுத்த படமாம். அவ்வளவுதான்.

அந்தப் படத்தை உண்மையாகவே நேசித்த ஒருத்தி இருந்தாள். கறுப்பு உடுப்பும் கறுப்புக் காலுறையும் போட்ட ஓர் இத்தாலிய அம்மா. புருஷன் இறந்த நாளிலிருந்து கறுப்புத்தான். சனிக்கிழமைகளில் நான் பீடத்துக்குப் பூ வைக்கப் போகும்போது அவள் ஏணியில் ஏறி நின்று சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அந்த வயதில் ஏணியில் ஏறாதே என்று சுவாமியார் சொல்வார். அவள் இத்தாலிய மொழியில் ஏதோ பதில் சொல்வாள். சுவாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மகளுக்கு அடுத்ததாக ஒரு பிள்ளை வேண்டுமென்று நாங்கள் மிகவும் ஆசைப்பட்டோம். இரண்டு தரம் தங்கி இரண்டு தரமும் கலைந்துபோனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கணவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி கனநேரம் இருந்தார். பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோம். மகள் வளர்ந்தாள். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவர் ரயில்வேயில் சிக்னல் பகுதியில் இருந்தார். சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம். தொட்டில், சின்ன உடுப்புகள் எல்லாவற்றையும் சுனாமியடித்தமாதிரி ஒரே நாளில் யார் யாருக்கோ கொடுத்துத் தீர்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு குளிர்காலம் முடிகிற நேரம், படத்தில் பூச்சி பிடித்திருப்பதை இத்தாலிய அம்மா கண்டுபிடித்தாள். சட்டத்தைத் துடைத்தபோது மரத்தூள் மாவுமாதிரிக் கையில் கொட்டியிருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் சுவாமியார் காலைச் சாப்பாட்டை விட்டு ஓடி வந்தாராம். மேற்றிராசனத்து ஆயர் அலுவலகத்துக்கு அறிவித்து, அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்து, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, கடைசியில் மெல்பேர்னிலிருந்து ஓவியங்களைப் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டை முடி, சாயம் பட்ட காற்சட்டை, நெற்றியில் தூக்கிவிட்ட பூதக்கண்ணாடி. படத்தின் முன்னால் அவள் நின்ற நிலையைச் சுவாமியார் பிறகு எல்லோருக்கும் நடித்துக் காட்டுவார். வாயைத் திறந்துகொண்டு, இரண்டு கையையும் தலையில் வைத்தபடி நின்றாளாம்.

இது ஆயிரத்தைந்நூறுகளின் நடுப்பகுதியில், ஃபுளோரன்ஸ் பக்கத்தில் கீறிய படம் என்று அவள் சொன்னாள். யார் கீறியது என்று தெரியாது. ஒரு பெரிய ஓவியரின் பட்டறையில் பழகிய யாரோ ஒருவராக இருக்கலாம். மரம் உளுத்திருந்ததால் அசைத்தால் வெடித்துவிடும். ஆகவே கோவிலுக்குள்ளேயே வைத்து வேலை செய்யவேண்டும். இடது பக்கப் பீடத்தைச் சுற்றி பிளாஸ்ரிக் திரை கட்டினார்கள். ஒரு பெரிய காற்றாடியும் விளக்குகளும் வந்தன. எங்களுடைய ஹீற்றரைக் கழற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமைகளில் பூ வைத்து முடிந்ததும் நான் அவளுக்குத் தேநீர் கொண்டுபோவேன். அவள் ஒரு பஞ்சுத் துண்டைக் குச்சியில் சுற்றி, ஏதோ திரவத்தில் தோய்த்து, தபால்தலை அளவு இடத்தை மெல்ல மெல்ல உருட்டித் துடைப்பாள். பஞ்சு மண்ணிறமாகும். அதை எறிந்துவிட்டு இன்னொன்று. துடைத்த இடத்தில் நாங்கள் ஒருநாளும் காணாத நிறங்கள் வந்தன. மாதாவின் முழங்கைப் பக்கம் நல்ல ரோஸ். அதே உடையின் மடிப்பில் பச்சை.

"இந்தக் கழுத்து ஏன் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன். "கீறத் தெரியாமலா?"

அவள் சிரித்தாள். "நன்றாகத் தெரியும். இவர்களுக்கு முந்திய தலைமுறை மனித உடம்பை அச்சொட்டாகக் கீறிக் காட்டிவிட்டது. இவர்களுக்கு அதையே திரும்பச் செய்ய விருப்பமில்லை. வேண்டுமென்றே நீட்டினார்கள், முறுக்கினார்கள், நிறத்தை மாற்றினார்கள். இந்தப் பாணிக்கு மேனரிசம் என்று பெயர். இதோ பாருங்கள், ஒரே துணி வெளிச்சத்தில் ரோஸ், நிழலில் பச்சை. அப்படித் துணி இருக்கிறதோ இல்லையோ, அவர்களுக்கு அது பிடித்திருந்தது."

"ஏன் இல்லை? என்னிடமே இருக்கிறது" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை என்னுடைய காஞ்சிபுரத்தைக் கொண்டுபோனேன். ஊடும் பாவும் வேறு நிறமாக நெய்த சீலை அது, ரோசும் கிளிப்பச்சையும். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அசைத்ததும் அவள் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள். பட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் காலத்து இத்தாலியிலும் இப்படிப் பட்டு நெய்தார்கள், புத்தகங்களில் படித்திருக்கிறேன், ஆனால் கையில் பிடித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றாள். இரண்டு பேரும் சீலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

அந்த நாட்களில் எனக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது. களைப்பு, காலையில் ஓங்காளம். நாற்பத்திரண்டு வயது. மாதவிடாய் நிற்கிற காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் சோதித்துவிட்டு, கணினித் திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பவும் திரையைப் பார்த்தார். கர்ப்பம் என்றார். நான் அவரிடம் வேறு யாருடைய பரிசோதனையையோ பார்க்கிறீர்கள் என்று சொன்னேன். அவர் என்னுடைய பெயரையும் பிறந்த திகதியையும் வாசித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, கத்தியை ஒருக்கா வையுங்கோ."

"ஏன், என்ன?"

சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு கதிரையில் இருந்தார். "என்னப்பா சொல்லுறீர்" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரும்பவும் "என்னப்பா சொல்லுறீர்" என்றார். பிறகு மீன் கையோடேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னைய இரண்டு முறையும் ஞாபகத்துக்கு வந்தன. அவருக்கும் வந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒருத்தருக்கும் இப்ப சொல்லவேண்டாம்" என்றார். "ஓம்" என்றேன்.

ஆனால் அடுத்த சனிக்கிழமையே ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது. நான் தேநீரோடு பிளாஸ்ரிக் திரையை விலக்கியபோது பழுதுபார்ப்பவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள். இன்றைக்குப் பாவிப்பது கொஞ்சம் கடுமையான திரவம், மணம் உடம்புக்குக் கூடாது என்றாள். "சும்மா ஒரு வழக்கத்துக்குச் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தால் கிட்டவே வரக்கூடாது."

நான் கிண்ணத்தோடு அப்படியே பின்னுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கையுறையைக் கழற்றி, வெளியே வந்து, கிண்ணத்தை வாங்கி, பூசைக்கு இருக்கிற மர வாங்கிலில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு தேநீர் குடிப்பதற்கு அவள்தான் வெளி விறாந்தைக்கு வருவாள்.

மூன்று மாதம் தாண்டியது. நான்கு மாதமும் தாண்டியது. ஸ்கேனில் இதயம் துடிப்பதைக் கணவரும் நானும் பார்த்தோம். மகளுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அவளுக்குப் பதினைந்து வயது. சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, யூ ஆர் ஃபோர்ட்டி டூ" என்றாள்.

"ஓம், தெரியும்."

"என்ர ஸ்கூலில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ப்ளீஸ்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்குக் கலியாணம் பேசுகிற வயது வரப்போகிறது, தாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள் என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள் என்று பட்டது. வெட்கத்துக்கு அடியில் பயம் இருந்தது. சொல்லிவிட்டால் இதுவும் போய்விடும் என்ற பயம். ஆகவே நவம்பர் வெயிலில் முழங்கால்வரை நீண்ட ஒரு சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போய்வந்தேன். கேட்டவர்களுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று சொன்னேன்.

அப்போதுதான் படத்தில் ஒரு புதினம் நடந்தது. ஒரு விசேஷக் கமராவால் பழுதுபார்ப்பவள் படமெடுத்துப் பார்த்தபோது, எலிசபெத்தம்மாளின் பச்சைப் போர்வைக்குக் கீழே வேறொரு ஓவியம் தெரிந்தது. போர்வை முதல் ஓவியர் கீறியது அல்ல. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வேறு ஒருவர் மேலே பூசியது. அதை எடுப்பதா விடுவதா என்று தான் ஒருத்தியாக முடிவெடுக்க முடியாது, கோவில்காரர்கள்தான் சொல்லவேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டார் சுவாமியார். தேநீரும் பிஸ்கற்றும் இருந்தன. இத்தாலியர்கள், லெபனானியர்கள், வியட்நாமியர்கள், எங்கள் தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும் இருந்தோம். பழுதுபார்ப்பவள் கமராவில் எடுத்த படத்தைப் பெரிதாகச் சுவரில் போட்டுக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில், போர்வை இல்லாமல், எலிசபெத்தம்மாளின் வயிறு. பூசணிக்காய்போல முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. மெல்லிய உடையில் தொப்புள் இருக்கிற இடம்கூடத் தெரிந்தது. அதன்மேல் அவளுடைய மற்றக் கையின் நீண்ட விரல்கள் விரிந்து கிடந்தன.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"யாரோ ஒருவருக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது" என்றாள் பழுதுபார்ப்பவள். "வயதான பெண், இவ்வளவு பெரிய வயிறு. ஆகவே மூடிவிட்டார்கள்."

முன் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, இத்தனை காலமும் இருந்தது அப்படியே இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்றார். சிலர் தலையாட்டினார்கள். இத்தாலிய அம்மா எழுந்தாள். அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. "நான் இவளிடம் அழுதேன்" என்றாள். "என் புருஷன் செத்தபோது இவளிடம்தான் அழுதேன். இவளை எனக்குத் தெரியும். இப்போது இவளுடைய துணியை ஏன் உரிகிறீர்கள்?" அதற்குமேல் யாருக்கும் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. சுவாமியாரே தலையைச் சொறிந்துகொண்டு, சரி, அப்படியென்றால், என்று இழுத்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நினைத்து எழும்பவில்லை. மகள் என் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் இருக்கவில்லை.

"எனக்கு நாற்பத்திரண்டு வயது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஐந்து மாதக் கர்ப்பம்."

பின்னால் கணவருக்குத் தேநீர் புரையேறியது கேட்டது.

"இவ்வளவு நாளும் இந்தக் கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு வந்தேன். வெட்கம். பயமும்தான். இந்த வெயிலுக்குள் எனக்கு நன்றாக வேர்க்கிறது. அவளுக்கும் யாரோ ஒரு கோட்டைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். அவளுக்கும் வேர்க்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்துவிடலாம்."

கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். உள்ளே பூப்போட்ட மெல்லிய சட்டை. வயிறு எல்லோருக்கும் தெரிந்தது.

பின்வரிசையில் கதிரை உரசும் சத்தம் கேட்டது. கணவர் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து, சுவிசேஷம் வாசிக்கும்போது நிற்பதுபோல என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் தமிழ் அன்ரி ஒருத்தி முதலில் சிரித்தாள். "எடி கள்ளி, தடிமன் எண்டெல்லோ சொன்னனீ" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். சிரிப்பு மற்றவர்களுக்கும் தொற்றியது.

இத்தாலிய அம்மா வரிசைகளுக்கு இடையால் நடந்து வந்தாள். கறுப்பு உடுப்போடு அவள் என் முன்னால் வந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் என் வயிற்றில் கையை வைத்தாள். பிள்ளை அந்த நேரம் பார்த்து உதைத்தது. அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்து, திரும்பவும் வைத்தாள். பிறகு சுவாமியார் பக்கம் திரும்பி, "எடுத்துவிடுங்கள்" என்றாள். "போர்வையை எடுத்துவிடுங்கள். அவளுக்குக் காற்றுப் படட்டும்."

காரில் வீட்டுக்குப் போகும்போது மகள் பின் சீற்றில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் கார் நின்றது. "அம்மா" என்றாள். "யூ செட் ஸ்வெட் இன் ஃப்ரண்ட் ஒஃப் ஃபாதர்." வேர்வையைப் பற்றிச் சுவாமியார் முன்னால் பேசிவிட்டேனாம். கண்ணாடியில் பார்த்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. பச்சை விளக்கு விழுந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்தார்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே வரவில்லை. தமிழ் வீடுகளிலிருந்து பிட்டும் மீன் குழம்பும் வந்தன. வியட்நாமியப் பெண் ஒருத்தி இஞ்சி போட்ட கஞ்சி கொண்டுவந்தாள். இத்தாலிய அம்மா பெரிய சட்டி நிறையக் கோழிச் சூப்போடு பஸ் ஏறி வருவாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சட்டியைக் கழுவித்தான் திரும்பக் கொண்டுபோவாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு பிளாஸ்ரிக் திரையை எடுத்தார்கள். அந்தக் காலைப்பொழுதை நான் இன்னும் நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். தேயிலைச் சாயம் முழுதாகப் போயிருந்தது. மாதா ரோசும் பச்சையுமாக மின்னினாள். பின்னால் வானம் எலுமிச்சை மஞ்சள். எலிசபெத்தம்மாள் செம்மஞ்சள் உடுத்தியிருந்தாள். அந்த வயிறு படத்துக்கு நடுவில் விளக்கேற்றியதுபோல இருந்தது. அவள் முகத்தையும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தோம். களைத்த முகம், கண்ணோரம் சுருக்கம், வாய் சிரிக்கத் தொடங்குகிற நிலை. சண்டை ஒன்றும் இல்லை. "நீயுமா?" என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்பதுபோல இருந்தது.

தமிழ்ப் பெண்கள் எல்லோரும் படத்துக்குக் கீழே கூடி மாதாவின் உடைக்கு என்ன விலை இருக்கும், எந்தக் கடையில் கிடைக்கும் என்று பகிடி விட்டார்கள். சில இத்தாலியக் கிழவர்களுக்கு நிறம் கூடிப்போனதாகப் பட்டது. ஐஸ்கிறீம் கடைமாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அவரை இத்தாலிய அம்மா தன் மொழியில் ஒரு பிடி பிடித்தாள். மகள் என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு எலிசபெத்தம்மாளைக் கனநேரம் பார்த்தாள். "அம்மா, ஷீ லுக்ஸ் லைக் யூ" என்றாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பகிடியாகச் சொல்லவில்லை.

மார்ச் மாதத்தில், ஒரு மழைநாள் காலையில், மகன் பிறந்தான். நல்ல எடை, நல்ல தொண்டை. மகள் ஆஸ்பத்திரிக்குத் தன் பள்ளிக்கூட சிநேகிதிகள் நான்கைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, தம்பியைத் தூக்கிக் காட்டி, யாரும் தொடமுன்னர் கைகழுவ வேண்டும் என்று கட்டளை போட்டாள். இத்தாலிய அம்மாவை ஞானத்தாயாக வைத்தோம். ஞானஸ்நானத்தன்று அவள் கறுப்பை விட்டுவிட்டு நீல உடுப்பில் வந்தாள். சுவாமியார் கோவில் வாசலில் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

மகன் ஓடித்திரியத் தொடங்கிய காலத்தில், மெல்பேர்னில் ஒரு கலைக்கூடம் பழைய இத்தாலியப் படங்களின் கண்காட்சி ஒன்று வைத்தது. எங்கள் படத்தையும் இரவலாகக் கேட்டார்கள். மரத்துக்கு மருந்து ஏற்றிப் பலப்படுத்தியிருந்ததால் இப்போது கொண்டுபோகலாம் என்று பழுதுபார்த்தவள் சொன்னாள். படம் போனதும் கோவிலின் இடது சுவர் வெறுமையாகிவிட்டது. பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவாமியார் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, சரி, ஒரு பஸ் பிடிப்போம் என்றார்.

ஒரு பஸ் நிறைய ஆட்களோடு மெல்பேர்னுக்குப் போனோம். நாள் முழுக்கப் பயணம். வழியில் நிறுத்திய இடத்தில் லெபனான்காரர்களின் ரொட்டியும் எங்கள் கட்லற்றும் இத்தாலிய ஒலிவ் காயும் கலந்து சாப்பிட்டோம். அடுத்த நாள் கலைக்கூடத்துக்குள் போனபோது எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் இருந்தோம். பெரிய பெரிய மண்டபங்கள். சாம்பல் சுவரில், தனி வெளிச்சத்தில், எங்கள் இரண்டு பெண்களும் நின்றார்கள். பக்கத்தில் இருந்த அட்டையில் ஓவியர் பெயர் தெரியாது என்று போட்டு, கீழே எங்கள் கோவிலின் பெயரைப் போட்டிருந்தார்கள். சுவாமியார் அந்த அட்டையைக் கனதரம் வாசித்தார்.

யார் தொடங்கியது என்று தெரியாது, செபமாலை தொடங்கிவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் மொழியில் மெல்லிய குரலில் சொன்னோம். சந்தோஷ தேவ இரகசியம், இரண்டாவது. மற்றப் பார்வையாளர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மகன் என் கையை விட்டு ஓடிப்போய், கயிற்றுக்குக் கீழால் புகுந்து படத்துக்குக் கிட்டே போய்விட்டான்.

காவலுக்கு நின்ற இளைஞன் விரைந்து வந்தான். கழுத்துப்பட்டியும் வோக்கிரோக்கியும். மகனைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தயங்கி நின்றான்.

"அன்ட்டி, நீங்க தமிழா?"

"ஓம். நீங்கள்?"

"மலேசியா, அன்ட்டி. ஈப்போ. இங்க யூனில படிக்கிறேன், இது பார்ட் டைம்." படத்தைப் பார்த்தான். "நான் ரெண்டு வாரமா இது முன்னாலதான் நிக்கிறேன். நீங்க ஏன் எல்லாரும் இதுகிட்ட மட்டும் வந்து சாமி கும்பிடுறீங்க?"

"இது எங்கட கோவில் படம், தம்பி."

"அப்படியா?" அவன் எலிசபெத்தம்மாளைக் காட்டினான். "இவங்க கொஞ்சம் குண்டுன்னு நினைச்சேன்."

நான் மகனை அவன் கையில் திரும்பக் கொடுத்துவிட்டு முழுக்கதையும் சொன்னேன். எலிசபெத்தம்மாளின் கதையைச் சொன்னேன். பச்சைப் போர்வையைச் சொன்னேன். சாம்பல் கோட்டையும் சொன்னேன். அவன் மகனை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். மகன் அவனுடைய வோக்கிரோக்கியின் பொத்தானை அமத்தி அமத்திப் பேசிக்கொண்டிருந்தான். கலைக்கூடத்தின் மற்ற மண்டபங்களில் நின்ற காவலாளர்கள் எல்லோருக்கும் அது கேட்டிருக்கிறது. ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சுவாமியார் கைதட்டினார். ஒருவரும் அசையவில்லை. இத்தாலிய அம்மா கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, காவலாளர் ஒருவரிடம், சட்டத்தின் மேல்பக்கத்தில் தூசி இருக்கிறது, ஓர் ஏணி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.